காது மிஷின்

ஐந்து வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வீடு திரும்பிய வெல்டர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாயெல்லாம் பல்லாகக் கூடத்துக்குள் வருகிறான். மதிய வெயில் அப்பாவின் காலி நாற்காலியில் விழுந்து கிடக்கிறது. அப்பாவுக்கு வாங்கிவந்த காது மிஷினில் பேட்டரியைப் போட்டுக் கையில் தயாராக வைத்துக்கொள்கிறான். "எங்க நம்ம பெரியவரு? போன் பண்றப்பல்லாம் தூங்குறாருன்னீங்க, இப்பவுமா தூங்குறாரு?" அக்கா அவன் கொண்டுவந்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருக்கிறாள், அது எப்போதோ அவிழ்ந்துவிட்டது. "முதல்ல கை கால் கழுவிட்டு வாடா." தம்பி தண்ணீரை நீட்டுகிறான். நீட்டியதில் சட்டைக் கை மேலேறி, அப்பா குளிக்கும்போதுகூடக் கழற்றாத கைக்கடிகாரம் தெரிகிறது. வெல்டரின் விரல்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. உள்ளங்கைக்குள் மிஷின் கீச்சென்று கத்தத் தொடங்குகிறது.