ஆளுக்கொரு டப்பா

ஆஸ்பத்திரியில் மூச்சை அளக்கிற குழாயில் இவள் வாய் வைத்து ஊதினாள்.

மூச்சு பாதியில் நின்றது.

அடுத்து ஒச்சம்மா ஊதினாள். இவளோடு ஒரே குவாரியில் கல் உடைத்தவள். நெஞ்சுக்குள் அதே கல்தூசி. இவளைவிட அதிகம்.

டாக்டர் இரண்டு அளவையும் பார்த்தார். போன தடவையைவிட இரண்டு பேருக்கும் கொஞ்சம் தேவலை.

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தேவலை.

அது அவருக்குப் பிடிபடவில்லை.

இது புது மருந்துக்கான சோதனை. ஜோடி ஜோடியாகச் சேர்த்திருந்தார்கள். ஜோடியில் ஒருத்திக்கு மருந்து. மற்றவளுக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது.

நோய் வராமலே தடுக்கிற சோதனை என்றும் ஒன்று உண்டாம். சேரும்போது சொன்னார்கள்.

அது குவாரிப் பக்கம் வந்ததில்லை.

குவாரியில் மத்தியானம் தூக்குவாளியைத் தனியாகத் திறந்து வைத்துக் குடிக்கிற பழக்கம் கிடையாது. எல்லாக் கஞ்சியும் ஒரே சட்டியில் விழும். ஒருத்தி வாளியில் சோறு கிடக்கும். ஒருத்தி வாளியில் தண்ணீர்தான் கிடக்கும். கலக்கிவிட்டுத்தான் பங்கு.

மாத்திரையையும் இரண்டு பேரும் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு டப்பாவையும் ஒரே தட்டில் கொட்டி, கலந்து, சரிபாதி.

ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு வேளைகூடத் தப்பவில்லை என்றார்கள்.

பொய் இல்லை.

ஜோடிக்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் மருந்துக்குப் பலன் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த முறையும் இப்படியே என்றால் நிறுத்திவிடுவார்கள் என்றார். புது டப்பா இரண்டைக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் ஒச்சம்மா இரண்டு டப்பாவையும் மடியிலிருந்து எடுத்தாள்.

"இந்த மாசம் ஆளுக்கொரு டப்பாவத் திம்போம் மதினி. மாத்திர நெசந்தான்னு அவுகளுக்குத் தெரியணும். ஒம் மகனும் இரும ஆரம்பிச்சிட்டான்ல."

"மாவு ஒனக்கு வந்துச்சுன்னா?"

"ஏன், ஒனக்கு வராதாக்கும்?"

ஒச்சம்மா சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

மூடியில் பெயர் பார்த்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் வந்தது.

இவள் முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்தாள். ஒச்சம்மாவை அதில் உட்கார வைத்தாள்.

கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டாள்.