உயிர்காட்டி

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: தேர்வுக் குழுத் தலைவர், அவருடைய உதவியாளர், உயிர்காட்டியைச் செய்த பொறியாளர், வாயை மூடத் தெரியாத அவள் கணவன். நால்வரும் ஸ்பிரிட்டால் கை துடைத்து ரப்பர் உறை மாட்டியிருந்தார்கள்.

வியாழனைச் சுற்றும் பனி நிலவு ஒன்றுக்கு விண்கலம் போகிறது. அதில் ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம். அங்கே ஆடு மாடு மேயும் என்று யாரும் கனவு காணவில்லை. பனிக்கு அடியில் ஏதோ கிருமி நெளிந்தால் கருவி அதைச் சொல்ல வேண்டும். உயிர் இருந்தால் பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு. அந்த இரண்டு விளக்குகளுக்காக அவள் பதினோரு வருஷத்தைத் தொலைத்திருந்தாள்.

கணவன் நீட்டிய விண்ணப்பக் கோப்பைத் தலைவர் இடது கையால் வாங்கிக்கொண்டார்.

"திமிரைப் பாரு," என்று அவள் காதைக் கடித்தான் கணவன்.

"சும்மா இருங்க. உயிரை வாங்காதீங்க."

உயிர்காட்டிப் பெட்டியின் தகட்டின் மேல், ஸ்பிரிட்டில் கழுவிய கூழாங்கல்லை வைத்தாள். சிவப்பு. மூடிய கண்ணாடிக் குழாயில் குட்டைத் தண்ணீர் வைத்தாள். பச்சை.

"கண்ணாடியைத் தாண்டியா தெரியுது?" என்றார் தலைவர்.

"கண்ணாடி, ரப்பர் எதுவும் தடையில்லை சார்."

"அப்ப என்னையும் ஒரு கை பார்க்கட்டும்." வலது உள்ளங்கையைத் தகட்டில் வைத்தார்.

சிவப்பு.

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் மட்டும் சிரித்தார். "என் வீட்டுக்காரியும் இதையேதான் சொல்றா. பரவாயில்லைம்மா, இன்னொரு தடவை பாருங்க. அவசரமில்லை."

அவள் பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள். கூடவே கணவனும் குனிந்தான்.

"குட்டைத் தண்ணிக்கு உயிர் இருக்காம், குழுத் தலைவர் பொணமாம். நல்லா செஞ்சே மெஷினை!"

"ஒயரெல்லாம் சரியாத்தாங்க இருக்கு."

"பச்சை பல்பு எரியுதான்னு பார்க்க ஒரு பட்டன் வச்சியே, அது எங்க?"

"அது பல்பை மட்டும்தான்..." என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "சீ! அது பொய்யில்லையா?"

"எதிர்ல உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு உயிர் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப பச்சைதானே உண்மை? உன் மெஷின்தான் பொய் சொல்லுது. நீ அதைத் திருத்தப் போறே, அவ்வளவுதான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பேச்சில் அவளுக்கு நியாயம் தெரிந்தது இதுதான் முதல் தடவை. தலைவர் மறுபடி கையை வைத்தார். அவள் விரல் பெட்டியின் அடியில் துழாவி அழுத்தியது.

பச்சை.

தலைவர் அந்த வெளிச்சத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னம்மா சரி பண்ணீங்க?"

"ஒரு ஒயர் லூசா இருந்துது சார்."

"அப்படியா. ரொம்ப நன்றி." கோப்பில் ஒரே வரி எழுதி மூடினார். "நீங்க வெளியில இருங்க."

வராந்தாவில் கணவனைப் பிடிக்க முடியவில்லை. "பார்த்தியா? பதினோரு வருஷமா நீ பண்ணாததை ஒரே பட்டன்ல நான் பண்ணிட்டேன்!"

கதவு திறந்தது. உதவியாளர் உயிர்காட்டியைத் தள்ளுவண்டியோடு வெளியே உருட்டிவிட்டார்.

"என்னங்க இது? பச்சைதானே எரிஞ்சுது?" என்றாள் அவள்.

"அதாங்க வம்பாப் போச்சு. அய்யாவோட வலது கை பொய்க்கை," என்று சொல்லிவிட்டு, அவர் கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டார்.