ஆறாவது மாடிக் கதவு

"எட்டாம் வகுப்புல என் கண்ணாடியை ஒளிச்சு வெச்சிட்டு, 'சோடாபுட்டி, தேடு பார்ப்போம்'னு சிரிப்பாங்கம்மா. ஒடுக்கப்படுறதுன்னா என்னன்னு எனக்கும் நல்லாத் தெரியும்!"

கம்ப்யூட்டர் நிபுணர் இந்தக் கதையை ஆரம்பித்தால் ஆறாவது மாடியே எழுந்து காபி குடிக்கப் போய்விடும். இன்று வசமாகச் சிக்கியவர், மேஜை துடைக்க வந்த துப்புரவு அம்மா.

அவர் கேட்டது ஒன்றுதான். "சார், இந்த மாடி பாத்ரூமைத் தினமும் கழுவுறது நான். கழுவுற ஒரு மணி நேரம் தவிர, என் கார்டுக்குக் கதவு திறக்க மாட்டேங்குது. அவசரம்னா கீழ்த்தளத்துக்கு ஓடணும். லிப்ட் வர்றதுக்குள்ள உயிர் போகுது. யார்கிட்ட சொல்றது?"

அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த எட்டாம் வகுப்புக் கதை.

"பாவம் சார் நீங்க" என்றபடி அம்மா அவருடைய கோப்பையைத் துடைத்தார். அதில் கொட்டை எழுத்தில் 'சோடாபுட்டி' என்று இருந்தது. "ஆனா இப்ப நீங்களே ஆசையா அந்தப் பேரை வெச்சிருக்கீங்களே!"

"ஜெயிச்சுட்டேன்ல? அதையே பட்டமா மாத்திக்கிட்டேன்."

"நான் ஜெயிச்சா கதவு திறக்குமா சார்?"

நிபுணருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பழைய ஆற்றாமை விடவில்லை. "இன்னும் கேளுங்க. கண்ணாடியை ஒளிச்சு வெச்சவனைப் போன மாசம் பார்த்தேன். ஞாபகமே இல்லைங்கிறான்! எப்படி இருக்கும் எனக்கு?"

"மறந்திருப்பாரு, விடுங்க. என் கதவு?"

"இதோ, இப்பவே. ஒரு மணி நேரம்தான்னு எந்த மடையன் எழுதி வெச்சான்னு பார்த்துடுவோம்!"

கதவுகளை இயக்கும் புரோகிராமைத் திரையில் திறந்து, மூன்று வரிகளை அழித்தார். "முடிஞ்சுது. இனிமே எப்ப வேணாலும் திறக்கும்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நன்றி சொல்லக் குனிந்தவர், திரையையும் கையிலிருந்த கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், மேல 'எழுதியவர்'னு ஒரு பேரு போட்டிருக்கே... இந்தக் கப்புல இருக்குற அதே பேருதானே?"

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு... ஞாபகமே இல்லையேம்மா!"