பின்பக்கச் சுவர்

"மறுபடியும் பிரிச்சுட்டாங்க!"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் போட்ட கூச்சலில் நாலு மாடிக்காரர்களும் பால்கனிக்கு ஓடி வந்தார்கள்.

பின்பக்கச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. போன வாரம்தான் கொத்தனாரை வைத்து அடைத்தது. வேடிக்கை என்னவென்றால், செங்கல் ஒன்றுகூட உடையவில்லை. ஓரமாக அடுக்கி வைத்திருந்தது.

"யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்!" என்று குதித்தார் செயலாளர்.

மூன்றாம் மாடி டீச்சர் சட்டென்று வீட்டுக்குள் திரும்பினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கடைத்தெரு. மரநிழல், சலூன், பேப்பர் படிக்க ஒரு நூலகம், பேச நாலு பேர். முன்கேட் வழியாகப் போனாலோ லாரிகள் பறக்கும் மெயின் ரோடு, நடைபாதையே கிடையாது. அதற்குப் பயந்துதான் அவளுடைய அப்பா கட்டிலே கதியென்று கிடந்தார். மழையில் சுவர் சரிந்து ஓட்டை விழுந்த பிறகு எழுந்தவர், இப்போது காலையும் மாலையும் நடக்கிறார். இன்னொரு முறை படுத்தால் எழுப்புவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "அப்பா, நிஜத்தைச் சொல்லுங்க. நீங்கதானே?"

"நானா? சும்மா தட்டிப் பார்த்தேம்மா. அதுவா வந்துடுச்சு. விழுந்த கல்லை நாங்க பெருசுங்க நாலு பேரும் எடுத்து அடுக்கினோம், அவ்வளவுதான்."

"சுவர் எங்கயாவது அதுவா வருமா?"

"அதான் எங்களுக்கும் ஆச்சரியம்!" என்றார் அப்பா, கண்களை விரித்து.

செயலாளரிடம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிடுவது என்று கிளம்பினாள். ஆனால் அவர் மசிகிற ஆளா? பின்பக்கம் ஒரு சின்ன கேட் வைக்கலாம் என்று அவள் கூட்டத்தில் கேட்டபோது, திருடன் வருவான் என்று எல்லோரும் எதிர்த்துக் கை தூக்கிவிட்டார்கள். "தீர்மானம்னா தீர்மானம்தான், சுவர் இருக்கணும்" என்று அதே மூச்சில் முடித்து வைத்தவர் அவர்.

சங்க அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே செயலாளர் கொத்தனாருக்கு அர்ச்சனை நடத்திக்கொண்டிருந்தார்.

"உனக்கு எத்தனை தடவைய்யா சொல்றது?"

"மன்னிச்சுக்குங்க சார். இந்தத் தடவை நல்லா கெட்டியா கட்டிடறேன்."

"கெட்டியாவா! மெதுவாப் பேசுய்யா, யார் காதுலயாவது விழப்போகுது. போன வாரம் நீ கட்டின கெட்டி பத்தாதா? மூணாம் மாடிப் பெரியவர் மூச்சு வாங்க வாங்க இடிச்சுக்கிட்டு நின்னாரு, பார்க்கவே பாவமா இருந்துச்சு. இந்தத் தடவை வெறும் களிமண்ணு, சிமெண்டைக் கண்ணுலயே காட்டாதே!"