வலிக்காத கால்

எனக்கு இந்த மெஷின் எதிலும் நம்பிக்கை கிடையாது. என் மகன் ஜெபராஜுக்குத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி சரிந்து விழுந்து கால் முறிந்தபோது, ஆம்புலன்சிலேயே தொடையில் மரப்புப் பட்டையைக் கட்டிவிட்டார்கள்; அந்த மெஷினைக் கட்டினால் கால் மரத்து வலியே தெரியாது. அடிபட்டவன் யாரும் ஒரு நிமிஷம்கூட வலியோடு கிடக்கக் கூடாதாம். இப்போது அதுதான் சட்டம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சிரித்துக்கொண்டு ஆரஞ்சு தின்றான். நான் அவன் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் லாரி டயருக்குக் காற்றடித்தவன் நான். அளவுக்கு மேல் காற்றேறிய டயர்போல் அது விறைத்திருந்தது.

"உள்ள வீங்கி நெரிக்குதும்மா. பட்டையக் கழத்து, வலிக்குதான்னு பாப்போம்" என்றேன் நர்ஸிடம்.

அவள் கட்டிலருகே வலியை அளந்து காட்டும் திரையைக் காட்டினாள். "வலி பூஜ்யம் தாத்தா. அஞ்சு தாண்டுனாத்தான் டாக்டர் வருவாரு."

"மரத்த காலு எப்படிம்மா தாண்டும்?"

"ஆரம்பிச்சிட்டீயளா?" என்றான் ஜெபராஜ். "ஒங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? நான் சொகமாத்தான இருக்கேன்? சும்மா இருங்கப்பா."

சும்மா இருந்தேன். பொய் சொல்வானேன், மகன் வலியில்லாமல் சிரிப்பதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பாதம் கறுத்துவிட்டது. உள்ளே சதை செத்துவிட்டது என்று சொல்லி முழங்காலோடு எடுத்தார்கள். அப்போதும் அவனுக்கு வலிக்கவில்லை.

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை வெகுநேரம் பார்த்தபிறகு என்னிடம் கேட்டான்:

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் ஊரோட சண்ட போடுவீயளே. இதுக்கு மட்டும் ஏம்ப்பா விட்டீய?"