புது ஏஜெண்ட்

“எந்தப் பய அவன்? பேரை மட்டும் சொல்லும்மா, மீதியை நான் பார்த்துக்கறேன்!”

ராம்கி மேஜையில் ஓங்கிக் குத்தியதில் சாய் தளும்பிச் சிந்தியது. புனேயை ஒட்டிய நிக்டியில் ஐந்து பேர் வேலை பார்க்கும் அந்தச் சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. முதலாளி பார்கவி மட்டும் அசையவில்லை.

“போன்லயே சொன்னேனே சார். இந்த வருஷம் இன்ஷூரன்ஸ் ரின்யூவலுக்கு நீங்க வர வேண்டாம். ஏஜெண்ட் வந்து எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்துட்டாங்க.”

“ஏஜெண்டாம் ஏஜெண்ட்!”

வயிறு எரியாதா பின்னே? இந்த மாதத்தில் இது நாலாவது இடி. சிஞ்ச்வட் பல் டாக்டர், ஆகுர்டி ஆடிட்டர், போசரி என்ஜினீயர் என்று எல்லோரும் இதே பாட்டைப் பாடிவிட்டார்கள். கட்டடத்தில் விரிசல் விட்டால் வரும் வழக்குக்கு ஒன்று, ஆபீஸ் தீப்பிடித்தால் ஒன்று, ஊழியர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று என்று மூன்று பாலிசி வைத்திருக்கும் பார்கவிதான் பாக்கி. இதுவும் போனால், ராம்கி தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு வாடிக்கைகூடக் கிடையாது.

சும்மா வந்த தொழிலா அது? பகலெல்லாம் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் சர்க்கார் வேலை. டெப்போக்காரனுக்கு ஏஜெண்ட் லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். அதற்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டு, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ஸ்கூட்டரில் அலைந்து பதினெட்டு வருஷத்தில் பிடித்த வாடிக்கைகள். ரிடையரான பிறகு அவருக்கு இருந்த ஒரே கௌரவம் அதுதான். அதில் எவனோ வந்து நோகாமல் நுங்கு தின்பதா?

“அரே, சாய் ஆறுது சார். முதல்ல குடிங்க.”

“என்னைப் பத்தி உனக்குத் தெரியாதும்மா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதுக்கு வீட்டுக்காரியையே பெட்டியோட வெளியே அனுப்பிச்சவன் நான். இவன் எம்மாத்திரம்?”

“கேள்விப்பட்டேன் சார்” என்றாள் பார்கவி.

மனைவி விசாலம் சாகணில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. ‘இத்தனை வருஷம் உக்காந்துதானே தின்னே, போ!’ என்று வாசல் வரை விரட்டியதை நினைத்தால் ராம்கிக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி. தானாகக் காலில் வந்து விழுவாள் என்று காத்திருந்தார்.

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிய புகார். கமிஷனில் பங்கு கொடுத்து ஆள் பிடிக்கும் இந்த ஏஜெண்டின் லைசென்ஸை உடனே ரத்து செய்ய வேண்டும் என்று எழுதி, பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

“எங்களுக்குப் பங்கெல்லாம் யாரும் குடுக்கலியே சார்.”

“குடுத்தா என்ன, குடுக்கலேன்னா என்ன? அவன் பொழைப்புல மண்ணைப் போடாம விடமாட்டேன். நடுத்தெருவுல நிக்கணும்!”

பார்கவி அலமாரியைத் திறந்து பாலிசியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“நீங்களே பார்த்து எழுதிக்குங்க.”

ராம்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏஜெண்ட் பெயர் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். அதைப் பார்த்துப் புகாரில் எழுத ஆரம்பித்த பேனா, இரண்டு எழுத்தோடு நின்றது. விசாலம் ராமகிருஷ்ணன்.

சட்டென்று சிரித்துவிட்டார்.

“அட, இது பழைய பேப்பரும்மா! இந்தப் பேர்லதானே நான் இத்தனை வருஷமா... சரி, அதை விடு. புதுசா வந்தவன் குடுத்ததைக் காட்டு.”

“இதுதான் சார் இந்த வருஷத்துது. நேத்து அவங்களே கொண்டு வந்து குடுத்தாங்க.”

“அவளா? அவளுக்கு என்ன தெரியும்? யாரைக் கேட்டும்மா ஏஜெண்டை மாத்தினே?”

“ஏஜெண்டை நாங்க மாத்தவே இல்லையே சார்!”