முதல் கிளிக்

"பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும் மாதுக்கா! அண்ணே வந்து செஞ்சுக்குவாருலா."

பக்கத்து வீட்டுச் சரளாவுக்கு உண்மையாகவே கோபம். அவள் கொண்டுவந்த டீ ஆறிப்போய்க் கிடக்கிறது. மாதுமை கீபோர்டை விடுவதாக இல்லை.

மாதுமைக்குப் பார்வை கிடையாது. பாட்டு கட்டுவாள், பாடுவாள், ஆர்மோனியத்திலிருந்து உறுமி வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே சேர்ப்பாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஸ்க்ரீன் ரீடர் இருக்கிறது. ஆனால் அவளுடைய இசை மென்பொருளுக்குள் நுழைந்துவிட்டால் அதுவும் திணறும். "பட்டன். பட்டன். பட்டன்" என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அதனால் மௌஸ் பிடிப்பது கணவர் அருணனின் வேலை. அவள் சொல்லச் சொல்ல அவர் அமுக்குவார். ஈப்போவில் எந்த மேடையானாலும் அவளுக்கு ஒரு மாலை, அவருக்கு ஒரு பொன்னாடை. "மூளை அவ. நான் வெறும் கைதான்" என்று அவர் சொன்னால் கைதட்டல் அள்ளும். வந்திருக்கும் பெண்கள் தங்கள் புருஷன்மாரை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அந்தக் கைதான் இன்றைக்குத் தைப்பிங்கில் மாட்டிக்கொண்டது. ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் மழை, ரோடு நகரவில்லை. பாகான் டத்தோ தோட்டத்துக் கோயிலின் திருவிழாப் பாட்டு ஆறு மணிக்குள் போயாக வேண்டும். இல்லையென்றால் கோலாலம்பூரில் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாகக் கமிட்டித் தலைவர் மாயாண்டி சொல்லிவிட்டார்.

மிச்சமிருப்பது ஒரே வேலை. உறுமிச் சத்தம் குரலை அமுக்குகிறது, அதைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

"நான் எறக்கவா?" என்றாள் சரளா.

"எத எறக்குவே?"

சரளா திரையைப் பார்த்தாள். "ஐயோ, கோடு கோடா ஓடுது. நான் பாலர் பள்ளி டீச்சர்க்கா, எனக்கு இதெல்லாம் தெரியாது."

"அதான் நானே எறக்கலாம்னு உக்காந்திருக்கேன்."

"எப்படி? அதுதான் பேசவே மாட்டேங்குதே!"

உண்மைதான். இன்றைக்கு அது "பட்டன்" என்றுகூடச் சொல்லவில்லை. எந்தக் கீயைத் தட்டினாலும் செத்ததுபோல் கிடந்தது.

"கீபோர்டுலயே வேல செய்யற மாதிரி மாத்துங்கன்னு இந்தக் கம்பெனிக்கு எத்தன மெயில் போட்டிருப்பேன்! ஒருத்தனும் பதில் போடல. அவரு வேற, 'ஒனக்காக அவனுங்க மாத்துவானுங்களா'ன்னு சிரிப்பாரு. மாத்தாட்டி நான் விட்டுருவேனா? இந்தப் பாட்டு இன்னைக்கு என் கையாலதான் போவும்."

போன் அடித்தது. அருணன்தான். மாதுமை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் தைப்பிங்க தாண்டவே இல்லலா மாது. மாயாண்டிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ கஷ்டப்படாத. சரளா இருக்கா? சரளா, திரையில ஒரு சின்னப் பெட்டி நிக்கும் பாரு. வெறும் விளம்பரம். வலது பக்கப் பட்டன அமுக்கி மூடிரு. வேற எதையும் தொட்டுறாத, பாட்டு கெட்டுரும்."

"பாத்தீங்களாக்கா? மழையில மாட்டிக்கிட்டும் உங்க நெனப்புத்தான்," என்றாள் சரளா.

தினமும் காலையில் மென்பொருளைத் திறந்ததும் அருணனின் முதல் கிளிக் அந்தப் பெட்டிக்குத்தான். என்ன அது என்று கேட்டால் "விளம்பரம்லா" என்பார்.

சரளா மௌஸை நகர்த்தினாள்.

"இரு, மூடாத. அதுதான் கீபோர்ட அடச்சுக்கிட்டு நிக்குது போல. என்னா எழுதியிருக்கு, படி."

"விளம்பரத்தப் போயி..."

"எனக்கு வந்த விளம்பரம்தானே? படி."

சரளா ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே படித்தாள். "புது வெர்ஷன் வந்திருச்சு... இலவசம்... பார்வையில்லாதவங்க கேட்டுக்கிட்டபடி..." அவள் குரல் இறங்கியது. "எல்லாப் பட்டனுக்கும் பேர் வச்சாச்சு. மௌஸ் இல்லாம, கீபோர்டுலயே முழுப் பாட்டையும் முடிக்கலாம்."

பார்வையில்லாதவர்களுக்கான செய்தியை ஸ்க்ரீன் ரீடர் வாசிக்க முடியாத பெட்டியில் போட்ட கம்பெனியின் புத்தியை என்னவென்று சொல்ல!

"எப்ப வந்திச்சாம்?"

"போன தீபாவளிக்கும் முந்தின தீபாவளி மாசம் போட்டிருக்கு."

"கீழ என்னா பட்டன்?"

"இடது பக்கம், 'இப்பவே மாத்து'. வலது பக்கம்..." சரளா மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "'அப்புறம்'."

மாதுமை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இடது பக்கம் அமுக்கு சரளா. எனக்காக இன்னொருத்தர் அமுக்கற கடைசிப் பட்டன் இதுதான்."

கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரீன் ரீடர் வாய் திறந்தது. "ரெக்கார்ட். குரல், வால்யூம். உறுமி, வால்யூம்."

பட்டனுக்குப் பட்டன் பேர்! மாதுமை கீழ் அம்புக்குறியைத் தட்டினாள். உறுமி இறங்கியது, அவள் குரல் மேலே வந்தது. ஆறு மணிக்கு முன்பே பாட்டு பாகான் டத்தோ போய்ச் சேர்ந்தது. "கேட்டா சாமி வந்திரும் போலம்மா!" என்று மாயாண்டி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்.

சரளா ஆறிப்போன டீயைச் சூடாக்க எடுத்துப் போனாள்.

இருட்டுகிற நேரத்தில் அருணன் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "கை வந்திருச்சுலா மாது! சொல்லு, எத அமுக்கணும்?"

"பாட்டு போயிருச்சுங்க." மாதுமை துவட்டிக்கொள்ளத் துண்டை நீட்டினாள். "நல்ல விளம்பரம் அது. ரெண்டு வருஷமா நீங்க மட்டும்தான் படிச்சிருக்கீங்க."